ஐந்து நொடிப் போலிங்கிலிருந்து சாக்கெட்டுக்கு: ஓர் உதவிப் பலகையின் நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஓர் உதவிக் கோரிக்கைப் பலகை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் கோரிக்கைகள் ‘புதியவை’, ‘எடுக்கப்பட்டவை’, ‘முடிந்தவை’ என்று மூன்று பத்திகளில் நிற்கும். வேலை நேரத்தில் ஏறக்குறைய 400 பிரவுசர்களில் அது திறந்தபடியே இருக்கும். முன்னால், திரையை வரையும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்; பின்னால் சில நோட் (ஜாவாஸ்கிரிப்டில் இயங்கும்) சர்வர்களும் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும்; இரண்டுக்கும் நடுவில், வருவதை வாங்கிப் பின்னால் கடத்தும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ். ஒவ்வொரு பிரவுசரும் 5 நொடிக்கு ஒருமுறை சர்வரிடம் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கும்; இதுதான் போலிங். 400 திரை, 5 நொடி என்றால் நொடிக்கு 80 விசாரிப்பு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில், எதுவும் மாறவில்லை என்பதுதான்.

சர்வர் சுமை யாரையும் உறுத்தவில்லை. உறுத்தியது வேறொன்று. ஒரே கோரிக்கையை இருவர் எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளருக்கு இரண்டு பதில் போனது, சில சமயம் ஒன்றுக்கொன்று முரணாக. 5 நொடி இடைவெளியில் ஒருவர் எடுத்தது மற்றவர் திரையில் தெரிய சராசரியாக இரண்டரை நொடி ஆகும். ‘ரியல்டைம் ஆக்கிவிட்டால் சரியாகிவிடும்’ என்ற கோரிக்கை அப்படித்தான் பிறந்தது.

அதற்கு வழக்கமான கருவி வெப்சாக்கெட் (சுருக்கமாக சாக்கெட்): பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தபடியே இருக்கும், இருபக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசக்கூடிய இணைப்பு. ஆனால் இந்தக் கோளாறுக்கு சாக்கெட் மருந்தாகாது. தாமதம் இரண்டரை நொடியிலிருந்து 50 மில்லிநொடிக்கு இறங்கினாலும் அந்த 50 மில்லிநொடிக்குள் இருவர் கிளிக் செய்யலாம். அதனால் முதலில் கைவைத்தது டேட்டாபேஸில்தான். எடுக்கும் கட்டளை ‘உரிமையாளர் இடம் காலியாக இருந்தால் மட்டும் என் பெயரை எழுது’ என்று நிபந்தனையோடு ஒரே அப்டேட்டாக மாறியது. டேட்டாபேஸில் எந்த வரிசையும் (ரோ) மாறாவிட்டால் சர்வர் 409 (‘முரண்பாடு’ என்ற எச்டிடிபி ஸ்டேட்டஸ்) திருப்பும். திரை, ‘வேறொருவர் எடுத்துவிட்டார்’ என்று சொல்லும். இரட்டைப் பதில் அன்றோடு நின்றது. இதில் ஒரு வரி வெப்சாக்கெட் கோடும் இல்லை. அதன் பிறகு சாக்கெட்டுக்கு மிஞ்சிய வேலை, அந்த 409-ஐ யாரும் அடிக்கடி பார்க்காமல் செய்வது மட்டும். சரித்தன்மையை டேட்டாபேஸும், வேகத்தை சாக்கெட்டும் கவனித்துக்கொள்ளட்டும் என்ற இந்தப் பிரிவினைதான் பின்னால் வந்த எல்லா முடிவையும் எளிதாக்கியது.

வெப்சாக்கெட்டா, எஸ்எஸ்இ-யா?

பலகைக்குத் தேவையானது பெரும்பாலும் ஒருவழிப் போக்குவரத்து: சர்வர் சொல்லும், திரை கேட்கும். இதற்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் (எஸ்எஸ்இ) போதும். அது சாதாரண எச்டிடிபி. இணைப்பு அறுந்தால் பிரவுசரே மறுபடி இணையும். கடைசியாகப் பெற்ற நிகழ்வின் எண்ணையும் தானே ஹெடரில் (எச்டிடிபி செய்தியின் தலைப்பில் போகும் தகவல் வரி) அனுப்பும். வெப்சாக்கெட்டில் இவை எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும்.

எஸ்எஸ்இ-க்கு எதிராக எழுந்தவை இரண்டு. எச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு பிரவுசர்கள் 6 இணைப்புகளுக்கு மேல் தருவதில்லை. பணியாளர்கள் ஒரே பலகையைப் பல டேப்களில் திறப்பவர்கள். ஏழாவது டேப் தொங்கிவிடும். எச்டிடிபி 2-க்குப் போனால் இந்தச் சிக்கல் இல்லை என்பதால் இதைத் தனிக் காரணமாக நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது வலுவானது: ‘இந்தக் கோரிக்கையை இன்னார் பார்த்துக்கொண்டிருக்கிறார்’, ‘இன்னார் பதில் எழுதுகிறார்’ என்று காட்ட வேண்டும். அதற்குத் திரையிலிருந்து சர்வருக்கு அடிக்கடி சின்னச் சின்னச் செய்திகள் போக வேண்டும். வெப்சாக்கெட் தேர்வானது இதனால்தான். இந்த அம்சம் இல்லையென்றால் எஸ்எஸ்இ-யோடு நின்றிருக்கலாம். இன்றும் பல குழுக்கள் தேவையில்லாமல் வெப்சாக்கெட்டைத் தூக்கிச் சுமக்கின்றன என்றே நினைக்கிறேன்.

எழுத்து வேலைகள் எதுவும் சாக்கெட் வழியாகப் போகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடுப்பது, முடிப்பது, குறிப்பு சேர்ப்பது எல்லாம் பழையபடி எச்டிடிபி போஸ்ட். அங்கே ஸ்டேட்டஸ் கோடு இருக்கிறது, லாக் இருக்கிறது, சரிபார்ப்பு இருக்கிறது. இவற்றை சாக்கெட்டுக்கு மாற்றினால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பொருத்தும் வேலை முதல் எல்லாவற்றையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நூலகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாக்கெட்.ஐஓ பரிசீலிக்கப்பட்டது. அது வெறும் வெப்சாக்கெட் அல்ல, அதன்மேல் தனக்கென்று ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது. இயல்பாக லாங் போலிங்கில் (சொல்ல ஏதாவது வரும்வரை சர்வர் பதிலை நிறுத்திவைக்கும் முறை) தொடங்கிப் பிறகு வெப்சாக்கெட்டுக்கு மேலேறுகிறது. அதனால் ஒரே பயனர் ஒரே சர்வருக்குப் போகும்படி, சர்வர்களுக்கிடையே சுமையைப் பங்கிடும் லோட் பேலன்சரைக் கட்டிப்போட வேண்டும். பிரவுசரின் சொந்த வெப்சாக்கெட்டும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையும் போதும் என்று முடிவானது.

கைகுலுக்கல்

வெப்சாக்கெட் நெறிமுறை 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 ஆக வெளிவந்தது. அதன் தொடக்கம் ஒரு சாதாரண எச்டிடிபி கெட் கோரிக்கை. ‘அப்கிரேட்’ ஹெடரும் 16 பைட் தற்செயல் சாவியும் அதில் இருக்கும். சர்வர் அந்தச் சாவியோடு நெறிமுறையில் நிலையாக எழுதிவைத்த ஒரு சரத்தைச் சேர்த்து, ஷா-1 என்ற ஹேஷ் (சுருக்கக் கணக்கு) எடுத்து, 101 (‘நெறிமுறை மாறுகிறது’) என்ற ஸ்டேட்டஸோடு திருப்பும். அதன்பின், அடியில் இருக்கும் அதே டிசிபி இணைப்பில் எச்டிடிபி போய் ஃப்ரேம்கள் (வெப்சாக்கெட்டின் சிறு செய்திப் பொட்டலங்கள்) ஓடும்.

சொந்தக் கணினியில் இது உடனே வேலை செய்தது. சோதனைச் சூழலில் செய்யவில்லை. ‘அப்கிரேட்’, ‘கனெக்‌ஷன்’ இரண்டும் பாதையின் ஒரு கட்டத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஹெடர்கள்; ப்ராக்ஸி அவற்றைத் தானாக அடுத்த பக்கம் கடத்தாது. என்ஜின்எக்ஸில் இரண்டையும் வெளிப்படையாக எழுதி, பின்னால் இருக்கும் சர்வரோடு எச்டிடிபி 1.1 பேசச் சொல்ல வேண்டும். இது எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. சிக்கல், கோளாறைக் கண்டுபிடிப்பதில். கைகுலுக்கல் தோற்றால் ஜாவாஸ்கிரிப்டுக்கு வரும் தகவல் 1006 என்ற மூடல் எண் மட்டும். அந்த எண் கம்பியில் வருவதே இல்லை. ‘ஒழுங்காக மூடப்படவில்லை’ என்பதற்கு பிரவுசர் தானே போட்டுக்கொள்ளும் அடையாளம். சர்வர் 403 (அனுமதி இல்லை) கொடுத்ததா, 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை) வந்ததா என்பதைப் பாதுகாப்புக் காரணத்துக்காக பிரவுசர் ஸ்கிரிப்டிடம் சொல்லாது. ஆகவே பயனர் கணினியிலிருந்து வரும் பிழைப் பதிவுகளை நம்பிப் பயனில்லை. கைகுலுக்கல் தோல்விகளை சர்வர் பக்கமும் ப்ராக்ஸி பக்கமும் லாக் செய்ய வேண்டும்.

செத்த இணைப்பு தன்னைச் செத்தது என்று சொல்லாது

ஹெடர்கள் சரியானதும் அடுத்தது வந்தது: அமைதியான நேரங்களில் இணைப்பு சரியாக 60 நொடியில் அறுந்தது. இப்படி வட்டமான எண்ணைப் பார்த்தால் நடுவில் இருக்கும் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட் இயல்பாக 60 நொடி. அதை உயர்த்தலாம்தான். ஆனால் வழியில் நமக்குச் சொந்தமில்லாத ரவுட்டர்களும் ஃபயர்வால்களும் இருக்கின்றன. அவற்றின் பொறுமையின் அளவு நமக்குத் தெரியாது. அவ்வப்போது ஏதாவது ஓடிக்கொண்டே இருப்பதுதான் வழி.

நெறிமுறையிலேயே பிங், பாங் ஃப்ரேம்கள் உண்டு. சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானாக பாங் திருப்பும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டால் பிங் அனுப்ப முடியாது, வந்ததைப் பார்க்கவும் முடியாது. எனவே இந்த ஏற்பாட்டில் திரை போய்விட்டது சர்வருக்குத் தெரியும். சர்வர் போய்விட்டது திரைக்குத் தெரியாது. பலகையைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் ஆபத்து. மடிக்கணினியை மூடித் திறக்கிறார்கள், வைஃபை மாறுகிறது. டிசிபி மூடல் செய்தி எதுவும் வருவதில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் பக்கம் தன் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இயங்குதளமே பார்க்கும் சோதனை) இருக்கிறதே என்றால், லினக்ஸின் இயல்பமைப்பில் அதன் முதல் சோதனையே 7200 நொடி கழித்துத்தான். இரண்டு மணி நேரம் பழைய பட்டியலைக் காட்டிக்கொண்டு, மூலையில் பச்சைப் புள்ளியோடு ‘இணைப்பில் உள்ளது’ என்று சொல்லும் திரையைவிட, பழைய 5 நொடிப் போலிங் எவ்வளவோ மேல்.

எனவே பிங்கோடு கூடவே, பயன்பாட்டு மட்டத்தில் ஒரு ஹார்ட்பீட்: உயிரோடு இருப்பதைச் சொல்ல அவ்வப்போது போகும் சிறு மெசேஜ். யார் அனுப்புவது என்பதில் முதல் வரைவு பிரவுசர் டைமரை நம்பியது: 25 நொடிக்கு ஒருமுறை திரை அனுப்பும், பதில் வராவிட்டால் மூடும். இது மறைந்த டேப்பில் நிற்காது. குரோம் 88-இலிருந்து, அதாவது 2021 ஜனவரியிலிருந்து, ஒரு டேப் 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால் அதன் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். 25 நொடி என்று எழுதியது 60 நொடியாகிவிடும். அதற்குள் சர்வர் ‘இவர் போய்விட்டார்’ என்று முடிவுகட்டிவிடும். சாக்கெட்.ஐஓ-வும் தன் 3-ஆம் பதிப்பில் ஹார்ட்பீட்டின் திசையைத் திருப்பி சர்வரிடம் ஒப்படைத்தது இதே காரணத்துக்காகத்தான். பலகையிலும் அப்படியே ஆனது. சர்வர் 25 நொடிக்கு ஒரு சிறு மெசேஜ் அனுப்பும்; மெசேஜ் வந்தால் எழும் நிகழ்வுக்கு அந்த டைமர் கட்டுப்பாடு இல்லை. திரை ‘கடைசியாகக் கேட்டது எப்போது’ என்று மட்டும் குறித்துவைக்கும். 40 நொடிக்கு மேல் மௌனம் என்றால் இணைப்பு போனதாகக் கணக்கு. டேப் மறுபடி கண்ணுக்குத் தெரியும் கணத்தில் இந்தக் கணக்கை டைமருக்குக் காத்திராமல் உடனே பார்க்கும். மடிக்கணினியைத் திறந்ததும் சரியாவதற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

இதில் ஒரு நுணுக்கம். செத்த இணைப்பில் க்ளோஸ் என்று சொன்னால் பிரவுசர் எதிர்முனையின் மூடல் பதிலுக்குக் காத்திருக்கும். மூடியதை அறிவிக்கும் ஆன்க்ளோஸ் நிகழ்வு உடனே வராது. அது வந்த பிறகுதான் மறு இணைப்பு என்று எழுதினால் அந்த நேரமும் வீண். பழைய சாக்கெட்டைக் கைவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு தலைமுறை எண் கொடுத்து, பழைய எண்ணிலிருந்து தாமதமாக வரும் எதையும் காதில் வாங்கக் கூடாது.

இடைவெளி

இணைப்பு அறும், மறுபடி இணையும். நடுவில் நடந்தவை என்ன ஆகின்றன? இந்த வேலையின் முக்கால்வாசி நேரம் இந்தக் கேள்வியில்தான் போனது. அது நியாயமும்கூட.

முதலில், இடைவெளி மறு இணைப்பில் மட்டும் வருவதில்லை. பக்கம் திறக்கும்போதே இருக்கிறது. எச்டிடிபியில் பட்டியலை வாங்கி, பிறகு சாக்கெட்டைத் திறந்தால், இரண்டுக்கும் நடுவே மாறியது திரைக்கு வராமலேயே போகும். எனவே வரிசை தலைகீழானது. முதலில் சாக்கெட், வரும் நிகழ்வுகளைத் தொடாமல் ஒரு வரிசையில் சேர்த்துவை, பிறகு பட்டியலை வாங்கு. பட்டியலோடு ‘இது 4,210-ஆம் எண் வரையான நிலை’ என்று ஒரு எண் வரும். சேர்த்துவைத்ததில் 4,210-ம் அதற்குக் கீழும் இருப்பவற்றை எறி; மேலே இருப்பவற்றைப் போடு. மறு இணைப்பிலும் இதே பாதைதான். ஒரே வேறுபாடு, முழுப் பட்டியலுக்குப் பதில் ‘4,210-க்குப் பிறகு என்ன?’ என்று கேட்பது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. எளிய வழி போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸ், அதாவது அடுத்தடுத்த எண்களைத் தரும் வசதி. ஆனால் சீக்வென்ஸ் எண்ணைக் கொடுப்பது டிரான்சாக்‌ஷன் நடக்கும்போது. மற்றவர் கண்ணுக்குத் தெரிவது கமிட் ஆன பிறகு, அதாவது அந்த மாற்றத் தொகுப்பு உறுதியாக முடிந்த பிறகு. 104-ஐ வாங்கியவர் மெதுவாக முடிக்க, 105-ஐ வாங்கியவர் முந்திக் கமிட் செய்யலாம். அந்தக் கணத்தில் கேட்ட திரைக்கு 105 கிடைக்கும். ‘105 வரை எனக்குத் தெரியும்’ என்று எழுதிக்கொள்ளும். பிறகு கமிட் ஆகும் 104-ஐ அது ஒருபோதும் கேட்காது. எப்போதாவதுதான் நடக்கும், நடந்தால் எந்த லாகிலும் தடம் இருக்காது. யாராவது ஒருவர் ‘என் திரையில் மட்டும் ஒரு கோரிக்கை அப்படியே நிற்கிறது’ என்பார், ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும், புகாரும் மூடப்பட்டுவிடும். இந்த வகைப் பிழையைச் சோதனையில் பிடிப்பது அரிது, காகிதத்தில் வரைந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

தீர்வு பழமையானது. பலகைக்கென்று டேட்டாபேஸில் ஒரு எண்ணி வரிசை (ரோ). எந்த மாற்றமும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்த வரிசையை ஒன்று கூட்ட வேண்டும். கூட்டியவர் கமிட் செய்யும்வரை அந்த வரிசை பூட்டியிருக்கும், அடுத்தவர் காத்திருப்பார். எண்ணின் வரிசையும் கமிட் வரிசையும் ஒன்றாகிவிடுகிறது. விலை, ஒரே பலகையில் எழுதுபவர்கள் வரிசையில் நிற்பது. மனிதர்கள் கிளிக் செய்யும் வேகத்துக்கு அது ஒன்றுமில்லை. சென்சார்கள் தரவு கொட்டும் அமைப்பில் இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது, கமிட் ஆனதை எல்லா சர்வர்களுக்கும் பரப்புவது. நிகழ்வும் அதே டிரான்சாக்‌ஷனில் ஓர் அட்டவணையில் எழுதப்படுகிறது; ஒரு சிறு நிரல் அதைப் படித்து ரெடிஸ் என்ற நினைவகத் தரவுச் சேமிப்பின் பப்-சப்பில் (கேட்பவர்கள் எல்லோருக்கும் செய்தி பரப்பும் வசதி) விடுகிறது. கமிட் முடிந்ததும் நேராக ரெடிஸுக்கு அனுப்பியிருந்தால், இரண்டுக்கும் நடுவே சர்வர் விழும்போது நிகழ்வு காற்றில் போயிருக்கும். ரெடிஸ் பப்-சப்போ, அந்த நேரம் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் சொல்லும், சேமித்துவைக்காது. ‘அப்படியானால் சேமித்துவைக்கும் ரெடிஸ் ஸ்ட்ரீம், காஃப்கா என்று போகலாமே’ என்ற பேச்சு எழுந்தது. தேவைப்படவில்லை. திரையே இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும்: 106-க்குப் பிறகு 108 வந்தால் 107 விட்டுப்போனது என்று தெரிகிறது, எச்டிடிபியில் ‘106-க்குப் பிறகு’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். 108-ஏ வராமல் போனால்? ஹார்ட்பீட் மெசேஜிலும் பலகையின் இன்றைய எண் இருக்கிறது. 25 நொடிக்குள் தெரிந்துவிடும். கம்பி எங்கே அறுந்தாலும் ஒரே மருந்து. விட்டுப்போனது மிகப் பழையதாக இருந்தால் சர்வர், ‘முழுப் பட்டியலையே எடுத்துக்கொள்’ என்று சொல்லும்.

சில பணியாளர்களுக்குச் சில கோரிக்கைகளைப் பார்க்க அனுமதி இல்லை. அவற்றை வடிகட்டினால் எண்களில் ஓட்டை விழும். திரை ஓயாமல் இடைவெளி என்று கூவும். அவர்களுக்கு எண் மட்டும் உள்ள வெற்று நிகழ்வு போகிறது.

நிகழ்வுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. ‘புதியவை எண்ணிக்கையைக் கூட்டு’ என்ற வகை நிகழ்வு இருமுறை வந்தால் கணக்கு கெடும். அதனால் ஒவ்வொரு நிகழ்விலும் அந்தக் கோரிக்கையின் முழு இன்றைய நிலையும் அதன் பதிப்பு எண்ணும் வரும். இருமுறை போட்டாலும் விளைவு ஒன்றே. மேலே தெரியும் ‘புதியவை: 14’ போன்ற எண்கள், திரையின் பக்கம் தரவைத் தாங்கும் ஸ்டோரிலிருந்து எண்ணி எடுக்கப்படுகின்றன, சொல்லி அனுப்பப்படுவதில்லை. நானே ஒரு கோரிக்கையை எடுக்கும்போது போஸ்டின் பதிலும் வரும், சாக்கெட் நிகழ்வும் வரும். எது முந்தும் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே செயல்பாட்டுக்குள் போகின்றன, பதிப்பு எண் பெரியது வெல்கிறது. ‘இது நான் செய்ததுதானே, சாக்கெட்டில் வந்தால் விட்டுவிடு’ என்ற தனி விதி எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுதத் தேவையில்லை.

திரையின் பக்கம்

சாக்கெட் எந்த ரியாக்ட் காம்போனென்ட்டுக்கும் (திரையின் ஒரு பகுதியை வரையும் கூறு) சொந்தமில்லை. அது தனி மாட்யூலில் ஒன்றே ஒன்றாக இருக்கிறது. காம்போனென்ட்கள் ஸ்டோரைக் கேட்கின்றன. ரியாக்ட் 18-இன் ஸ்ட்ரிக்ட் மோட் (பிழைகளை முன்கூட்டியே வெளிக்கொண்டுவரும் அமைப்பு), டெவலப்மென்டில் எஃபெக்டுகளை (வரைந்த பிறகு ஓடும் துணைவேலைகள்) ஒருமுறை ஓட்டி, கலைத்து, மறுபடி ஓட்டும். எஃபெக்டுக்குள் சாக்கெட் திறந்து, கலைக்கும் இடத்தில் மூடாதவர்கள் அங்கே இரண்டு இணைப்பைப் பார்ப்பார்கள். ஸ்ட்ரிக்ட் மோடை அணைப்பவர்கள் உண்டு. அது எச்சரிக்கை மணியின் கம்பியைப் பிடுங்குவது.

நிகழ்வுகள் கொத்தாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் திரையை வரைந்தால் தட்டச்சு திணறும். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் என்ற பிரவுசர் வசதி கொண்டு ஒரு ஃப்ரேமுக்கு (பிரவுசர் திரையை வரையும் ஒரு சுற்று) ஒருமுறை என்று கட்டலாம். ஆனால் மறைந்த டேப்பில் அது ஓடவே ஓடாது. நிகழ்வுகளையே அதற்குள் காத்திருக்க வைத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஸ்டோரில் உடனுக்குடன் போட்டுவிட்டு, ‘மாறியது, வரை’ என்ற அறிவிப்பை மட்டும் ஃப்ரேமுக்குக் கட்டியது இதனால்தான்.

பயனர்களிடமிருந்து வந்த முதல் எரிச்சல் வேகம் பற்றியது: போதவில்லை என்றல்ல, அதிகம் என்று. கிளிக் செய்யக் கை போகும்போது மேலே ஒரு புதிய கோரிக்கை செருகிக்கொள்ள, விரலுக்கடியில் வரிசை நழுவி, வேறொன்று எடுக்கப்பட்டது. போலிங்கில் 5 நொடிக்கு ஒருமுறை நடந்தது இப்போது எந்தக் கணத்திலும் நடக்கலாம். பட்டியல்மேல் சுட்டி இருக்கும்வரை புதியவை செருகப்படுவதில்லை. மேலே ‘3 புதியவை’ என்று ஒரு பட்டை வரும், தொட்டால் இறங்கும். ஏற்கெனவே திரையில் இருப்பதை வேறொருவர் எடுத்துவிட்டால் அது மறைவதில்லை, அதே இடத்தில் மங்குகிறது. ரியல்டைம் என்றால் தரவு உடனே வர வேண்டும் என்பது சரி. திரை உடனே அசைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால்

புதிய கோடு ஏற்றும்போது சர்வர் மறுதொடக்கம் ஆகும். 400 இணைப்பும் ஒரே கணத்தில் அறும், ஒரே கணத்தில் திரும்பி வரும், ஒவ்வொன்றும் விட்டுப்போனதைக் கேட்கும். மறு இணைப்புக்கான காத்திருப்பு 1, 2, 4 நொடி என்று இரட்டிக்கும், 30-இல் நிற்கும் என்பது எல்லோரும் எழுதுவது. அது மட்டும் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே காத்திருந்து சேர்ந்தே வருவார்கள். பூஜ்யத்துக்கும் அந்த எல்லைக்கும் நடுவே தற்செயலாக ஒரு நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

இரட்டிப்பை எப்போது பூஜ்யமாக்குவது? இணைப்பு திறந்ததும் எழும் ஆன்ஓப்பனில் என்று பல மாதிரிக் கோடுகள் சொல்கின்றன. சர்வர் கைகுலுக்கிவிட்டு உடனே அறுத்தால் (டேட்டாபேஸ் கிடைக்காதபோது அப்படித்தான் நடக்கும்) திரை நொடிக்கு நொடி தட்டும். முதல் ஹார்ட்பீட் வந்த பிறகே பூஜ்யம் என்று மாற்றப்பட்டது.

மூடல் எண்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. சர்வர் திட்டமிட்டு நிற்கும்போது 1012 (மறுதொடக்கம்) அனுப்பும், அதுவும் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பாமல் பிரித்துப் பிரித்து. 4000 முதல் 4999 வரை பயன்பாடுகளின் சொந்த உபயோகத்துக்கு. அங்கே 4001, ‘உள்நுழைவு செல்லாது’. இதைப் பெற்ற திரை மறுபடி இணைய முயலாமல் உள்நுழைவுப் பக்கத்துக்குப் போகும்.

யார் பேசுவது?

பிரவுசரின் வெப்சாக்கெட்டில், உள்நுழைவு டோக்கனைச் சுமக்கும் ஆத்தரைசேஷன் ஹெடர் வைக்க வழியில்லை. டோக்கனை முகவரியிலேயே ஒட்டினால் அது ப்ராக்ஸி லாகுகளில் போய் உட்காரும். குக்கி தானாகப் போகும். ஆனால் வெப்சாக்கெட்டுக்கு சேம் ஆரிஜின் கட்டுப்பாடு (ஒரு தளத்துப் பக்கம் வேறு தளத்தின் தரவைப் படிக்கக் கூடாது என்ற விதி) பொருந்தாது என்பதால், குக்கிக்கே வேறு தளத்திலிருந்து போகாதபடி தடை இல்லையென்றால், வேறு தளத்துப் பக்கமும் பயனரின் குக்கியோடு நம் சர்வருக்கு சாக்கெட் திறந்து வருவதைப் படிக்கலாம். எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரை சர்வர் பார்த்து மறுக்காவிட்டால் கதவு திறந்தே கிடக்கும். பலகையில் இரண்டு பூட்டு: ஆரிஜின் சோதனை ஒன்று, எச்டிடிபியில் வாங்கும் 30 நொடி ஆயுளுள்ள ஒருமுறைச் சீட்டு மற்றொன்று. சாக்கெட் திறந்ததும் முதல் மெசேஜாக அந்தச் சீட்டு போக வேண்டும், போகாவிட்டால் மூடல்.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது பிற்பாடு நடப்பது. எச்டிடிபியில் ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுமதி பார்க்கப்படுகிறது. சாக்கெட்டில் நுழையும்போது மட்டும். காலையில் இணைந்தவரின் அனுமதி மதியம் பறிக்கப்பட்டால் மாலைவரை அவருக்கு நிகழ்வுகள் போய்க்கொண்டே இருக்கும். அனுமதி மாற்றமும் வெளியேறுதலும் அதே ரெடிஸ் வழியாக சர்வர்களுக்குச் சொல்லப்பட்டு, உரியவரின் சாக்கெட்டுகள் 4001-ஓடு மூடப்படுகின்றன.

சர்வர் பக்க எல்லைகள்

400 இணைப்புக்கு இவை எதுவும் முட்டாது, வளரும்போது முட்டும். லினக்ஸில் ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் எல்லை பெரும்பாலும் 1024 என்றே தொடங்குகிறது. ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு கோப்புக் கணக்கு. ப்ராக்ஸியிலிருந்து பின்னால் உள்ள ஒரு முகவரிக்குப் போக இயல்பமைப்பில் 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 போர்ட்கள்தான்; ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்று வேண்டும்.

மெதுவாகப் படிக்கும் திரைகள் இன்னொரு தொல்லை. அவர்களுக்கான மெசேஜ்கள் சர்வர் நினைவகத்தில் தேங்கும். தேக்கம் ஓர் அளவைத் தாண்டினால் சர்வர் அந்த இணைப்பை வெட்டிவிடுகிறது. இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால் அறுந்து திரும்பி வருவது இங்கே மலிவான காரியம். தேங்கிக் கிடக்கும் ஆயிரம் மெசேஜைவிட ‘4,210-க்குப் பிறகு என்ன?’ என்ற ஒரு கேள்வி சர்வருக்கும் திரைக்கும் எளிது.

போலிங் கோடு நீக்கப்படவில்லை. சில அலுவலக வலையமைப்புகளில் நடுவில் இருக்கும் ஆய்வுப் பெட்டிகள் அப்கிரேடை விடுவதில்லை. தொடர்ந்து சில முறை கைகுலுக்கல் தோற்றால் திரை 15 நொடிக்கு ஒருமுறை அதே ‘இதற்குப் பிறகு என்ன?’ கேள்வியைக் கேட்கும். மூலையில் புள்ளி மஞ்சளாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சோதனை

பிரவுசரில் ஆஃப்லைன் பொத்தானை அழுத்துவது சோதனையின் மிக எளிய பகுதி. அங்கே எல்லாம் அறிவித்துவிட்டே அறும். உண்மையான சோதனை, சர்வர் செயல்முறைக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வைப்பது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் டிசிபி இணைப்பைத் தாங்கிக்கொண்டே இருக்கும். மூடல் எதுவும் வராது. ஆனால் உயிர் இருக்காது. 40 நொடிக்குள் திரை விலகி வேறு சர்வருக்குப் போகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ரெடிஸைச் சில நொடி நிறுத்திவிட்டு, அதற்குள் கோரிக்கைகளை மாற்றி, பிறகு எல்லாத் திரைகளும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்கின்றனவா என்பது இரண்டாவது. மடிக்கணினியை மூடிவிட்டு மறுநாள் திறப்பது மூன்றாவது. இதைத் தானியங்கியாக்க யாராலும் முடியவில்லை.

உற்பத்தியில் கண்காணிப்பவை சில: மறு இணைப்புகள், இடைவெளி நிரப்பக் கேட்டவை, முழுப் பட்டியலுக்குத் திரும்பியவை, மூடல் எண் வாரியாக அறுந்தவை. திறந்திருக்கும் சாக்கெட்டுகளின் எண்ணிக்கை டாஷ்போர்டில் அழகாக இருக்கும், எதையும் சொல்லாது. இடைவெளி நிரப்பல் திடீரென்று கூடினால் பரப்பும் பாதையில் எங்கோ கசிகிறது என்று பொருள். அதற்குத்தான் முதலில் அலாரம்.

தீராமல் இருப்பது ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்’ அடையாளம். ஒருவர் மடிக்கணினியை மூடிவிட்டுப் போனால், சர்வர் அனுப்பும் பிங்குக்கு பாங் வராமல் போகும்வரை அவர் பெயர் அந்தக் கோரிக்கையில் தொங்கும். அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். பிங் இடைவெளியைக் குறைத்தால் இது குறையும். மோசமான வைஃபையில் இருப்பவர்கள் அடிக்கடி வெட்டுப்படுவார்கள். எடுக்கும் பொத்தானை அந்த அடையாளம் தடுப்பதில்லை, 409 பின்னால் காவல் இருக்கிறது என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.